முகூர்த்தம் அங்கே, மலை இங்கே
வாசகர் கேள்வி – பதில்

ஆவணி பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிடும். நீலகிரியில் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் மைசூரு, மலப்புறம், லக்னோ என்று போய் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் வந்தே ஆகணும்" என்று போனில் மிரட்டுகிறார்கள். சனி, ஞாயிறுக்குள் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இந்த இதழில்.

நாங்கள் எட்டுப் பேர், கல்லூரி நண்பர்கள். மைசூருவில் எங்களில் ஒருவனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை 9.30 – 10.30 முகூர்த்தம். சனிக்கிழமை மதியம் 2 மணிக்குத்தான் எல்லாருக்கும் வேலை முடியும். "மசினகுடி வழியாகப் போனால் 125 கி.மீ.தானே, வரவேற்பில் தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம், ஞாயிறு மிச்சம்" என்கிறான் ஒருவன். சரிப்படுமா?
– வாசகர், உதகை

ராத்திரியே திரும்புவது நடக்காது தம்பி. முதுமலை – பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். வண்டியில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டே இருந்ததால் 2009-ல் வந்த தடை இது. சில அரசுப் பேருந்துகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும்தான் விலக்கு. கல்யாண வேன் என்று சொன்னால் கேட்டில் நிற்பவர் வாழ்த்துச் சொல்வார், கம்பைத் தூக்க மாட்டார்.

கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். மைசூருவிலிருந்து குண்டல்பேட்டை 60 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பந்திப்பூர் கேட்டுக்கு இன்னும் அரை மணி. 9 மணிக்கு மூடுகிற கேட்டுக்கு 8.55-க்குப் போய் நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. வழியில் ஒரு டயர் பஞ்சரானால் முடிந்தது கதை. எட்டரைக்குள் கேட்டில் இருக்க வேண்டுமென்றால் ஆறரைக்கு மைசூருவை விட்டுக் கிளம்ப வேண்டும். வரவேற்பில் மாப்பிள்ளை மேடையேறுவதே அந்த நேரத்துக்குத்தான்.

சத்தியமங்கலம் வழியாகச் சுற்றி வரலாமே என்று அடுத்த யோசனை வரும். திம்பம் மலைப்பாதைக்கும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை உண்டு. குண்டல்பேட்டையிலிருந்து முத்தங்கா வழியாக சுல்தான் பத்தேரி போகும் சாலையும் அதே 9 முதல் 6 வரை மூடல்தான். மிஞ்சுவது ஹுன்சூர், கோணிகொப்பா, குட்டா, மானந்தவாடி என்று குடகையும் வயநாட்டையும் சுற்றி பாட்டவயல் வழியே கூடலூர் வருவது. சாப்பிட்ட வயிற்றோடு, தூக்கக் கலக்க டிரைவரோடு, இருட்டில் அந்த வழி வேண்டவே வேண்டாம்.

ஆகவே சனிக்கிழமை ராத்திரி மைசூருவில் தங்குங்கள். 2.30-க்கு உதகையை விட்டால் கூடலூர் 50 கி.மீ., நடுவட்டம் இறக்கத்தில் நிதானமாக வந்தாலும் நாலரைக்குள் சேர்ந்துவிடலாம். டீயும் டாய்லெட்டும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தொரப்பள்ளி கேட் தாண்டினால் காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, 30 கி.மீ. பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. தெப்பக்காடு, கக்கநல்லா, பந்திப்பூர் என்று ஆறேகாலுக்குக் குண்டல்பேட்டை. எட்டு மணிக்குள் மண்டபம். கர்நாடகத்தில் வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின மாலையே நடந்துவிடும்; ஒன்பதரை வரை மேடைக்கு வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். போனதும் முதலில் வரிசையில் நில்லுங்கள், அப்புறம் பந்தி. மாற்றிச் செய்தால் இலையிலிருந்து எழுந்து வரும்போது மாப்பிள்ளை மாலையைக் கழற்றியிருப்பார்.

மறுநாள் காலை 9 மணிக்கே மண்டபத்தில் இருங்கள். 'தாரெ' என்பதுதான் அவர்களுக்கு முக்கியக் கட்டம். மணமக்களின் கைகளைச் சேர்த்துப் பிடித்து நீரோ பாலோ வார்ப்பார்கள். சில குடும்பங்களில் பெற்றோரும் உறவினரும் முடித்த பிறகு நண்பர்களையும் வரிசையாக அழைப்பார்கள். அழைத்தால் தயங்காமல் போங்கள். கூட இருப்பவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும்.

மசினகுடி விஷயம்: கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தொடர் விபத்துகளுக்குப் பிறகு வெளி மாவட்டப் பதிவெண் வண்டிகளை உதகையிலிருந்து அந்த வழியாக இறங்க விடுவதில்லை. டி.என். 43, அதாவது நீலகிரிப் பதிவெண் வண்டி என்றால் விடுவார்கள். ஆனாலும் எட்டுப் பேரும் சாமானும் ஏற்றிய வேனுக்கு அது நல்ல வழி இல்லை. மிச்சமாகும் 35 கி.மீ.க்கு பிரேக் கட்டையைத்தான் விலையாகக் கொடுப்பீர்கள். கூடலூர் வழியே போங்கள்.

ஞாயிறு திரும்பும்போது ஒரு சின்ன வில்லங்கம். மண்டபங்களில் இப்போது இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு என்று பையில் போட்டுக்கொண்டு வருவீர்கள். நீலகிரியில் அந்தப் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பிடித்தால் பாட்டிலும் போகும், அபராதமும் விழும். தாம்பூலப் பை பிளாஸ்டிக்காக இருந்தால் தேங்காயை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று பேர் போக வேன் பேசுகிறோம். தெரிந்தவர் ஒருவர் தன் சொந்த வண்டியை டீசல் காசுக்கே தருகிறேன் என்கிறார். டிராவல்ஸில் கிலோமீட்டர் கணக்கு சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? என்னவெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகர், பந்தலூர்

சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வெள்ளை போர்டு வண்டியைக் காசு கொடுத்து எடுக்காதீர்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் 'வாடகைக்கு ஓட்டினீர்கள்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். மாநில எல்லையில் பிடிபட்டால் வண்டியும் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். நண்பர் காசு வாங்காமல் கூடவே வந்தால் அது வேறு விஷயம்.

மஞ்சள் போர்டிலும் கவனம் வேண்டும். மேக்ஸி கேப் என்பது டிரைவர் போக 12 பேர் வரைக்கும்தான். நீங்கள் பதின்மூன்று பேர். "ஒருத்தர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார்கள். எல்லையில் எண்ணிப் பார்ப்பவர் அட்ஜஸ்ட் பண்ண மாட்டார். ஒருவரைக் கழற்றிவிட மனமில்லை என்றால் அடுத்த அளவு வண்டி கேளுங்கள். பட்டுப்புடவைப் பெட்டிகளும் சீர்ப் பொருளும் இருந்தால் எப்படியும் அதுதான் தேவைப்படும்.

பர்மிட் என்றால் எந்த பர்மிட் என்று கேளுங்கள். ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறதா, இல்லை தமிழ்நாட்டு பர்மிட் மட்டுமா? தமிழ்நாடு மட்டும் என்றால் போகிற மாநிலத்துக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் ஆன்லைனில் கட்டியாக வேண்டும். "செக்போஸ்ட்ல பார்த்துக்கலாம்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். கட்டிய ரசீதைக் கிளம்புவதற்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள்: வண்டி எண் சரியா, நீங்கள் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தேதிக்குள் வருகிறதா. சனிக்கிழமைக்கு மட்டும் கட்டிவிட்டு ஞாயிறு மாலை எல்லையில் மாட்டிக்கொள்வதுதான் அடிக்கடி நடப்பது. பயணிகள் பெயர், வயதோடு ஒரு பட்டியலும் வண்டியில் இருக்கட்டும்.

அடுத்து வாடகை. கிலோமீட்டர் விலையைவிட 'ஒரு நாளைக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர்' என்பதுதான் உங்கள் காசைத் தீர்மானிக்கிறது. வழக்கமாக 250 அல்லது 300 வைப்பார்கள். நீங்கள் இரண்டு நாளில் மொத்தம் 300 கி.மீ. ஓடினாலும் பில் 500-க்கோ 600-க்கோ வரும். பக்கத்து மாநிலத்துக்குக் கிட்டத்துப் பயணம் என்றால் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், டீசல், டோல், டிரைவர் பேட்டா, பர்மிட் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். டிரைவருக்கு ராத்திரி படுக்க இடம் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தவர் மறுநாள் மலையேற்றத்தில் கண் சொக்கினால் குற்றம் அவருடையது இல்லை.

வண்டியைக் கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ வரவழைக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளிப் பதிவெண் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உங்களைக் கூப்பிட வரும்போதும் வேண்டும், ஞாயிறு உங்களை இறக்கிவிடத் திரும்பி வரும்போதும் வேண்டும். சீசன் மாதங்களில் வாரக்கடைசிக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால் கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ வந்து நின்றுகொண்டு போனைத் தட்டாமல் முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டி.என். 43-க்கு இந்த வேலையே இல்லை.

டிரைவர் மலை ஓட்டியவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, எல்லாரும் ஆமாம் என்பார்கள். முதல் இறக்கத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு இறங்கினால் பயமில்லை. நாலாவது கியரில் வழுக்கிக்கொண்டு வந்து வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தால், ஏழெட்டு வளைவுக்குள் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை உள்ளே வரும். அப்போது கூச்சப்படாமல் ஓரம் கட்டச் சொல்லுங்கள். பின் சக்கரத்தின் பக்கம் கையை நீட்டினால் தொடாமலே அனல் அடிக்கும். பிரேக் கட்டை சூடேறினால் பிடிப்பு போய்விடும். பிரேக் மிதி தரை வரைக்கும் இறங்கும், வண்டி நிற்காது. அரை மணி நேரம் சும்மா ஆற விடுவதுதான் மருந்து. தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் இருக்கும் டிரம் வெடித்து விரிசல் விடும்.

தோழியின் கல்யாணம் குருவாயூரில், ஞாயிறு காலை 7.15-க்கு. ஐந்து பெண்கள் போகிறோம், ஒருத்தி கிறிஸ்தவர். எப்போது கிளம்ப வேண்டும், என்ன உடுத்த வேண்டும்?
– வாசகி, கோத்தகிரி

சனிக்கிழமை மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள் அம்மா. மேட்டுப்பாளையம், கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக 210 கி.மீ. போல வரும், கோவையைக் கடப்பதே தனிப் பாடு. ஆறு, ஆறரை மணி நேரம் வையுங்கள். கோவையிலிருந்து திருச்சூருக்கு ரயிலில் போய் அங்கிருந்து டாக்ஸி பிடித்தாலும் சுகம்தான். முகூர்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் குருவாயூரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தோழியின் வீட்டார் எடுத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் திருச்சூரிலோ குன்னங்குளத்திலோ தங்கி விடியற்காலை வாருங்கள்.

அங்கே கல்யாணம் கோயிலுக்குள் நடப்பதில்லை, கிழக்கு நடையில் கோயிலுக்கு வெளியே உள்ள மண்டபங்களில் நடக்கும். விடியற்காலை 5 மணிக்கே தொடங்கிவிடும். ஒரு ஜோடிக்குச் சில நிமிடம்தான்: மாலை, தாலி, புடவை கொடுத்தல், இறங்க வேண்டியது, அடுத்த ஜோடி. 2024 செப்டம்பர் 8-ம் தேதி ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன என்றால் வேகத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 7.15 என்றால் 6.30-க்கே பெண் வீட்டாரோடு ஒட்டிக்கொண்டு நில்லுங்கள். மண்டபத்தின் அருகே குறைந்த ஆட்களைத்தான் விடுவார்கள். தனியாக வந்தால் வேறு யாரோ ஒருவரின் கல்யாணத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருவீர்கள்.

கிறிஸ்தவத் தோழி நடையில் நின்று கல்யாணம் பார்க்கத் தடையில்லை. கோயிலுக்குள் இந்துக்களை மட்டும்தான் அனுமதிப்பார்கள். இதை இங்கேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், வாசலில் போய்த் தெரிந்துகொள்வது சங்கடம். மற்றவர்கள் தரிசனத்துக்குப் போனால் புடவை, பாவாடை, சுடிதார் எதுவும் சரி. ஆண் நண்பர்கள் யாராவது சேர்ந்துகொண்டால் வேட்டி மட்டும், சட்டை கழற்ற வேண்டும். போனை உள்ளே கொண்டு போக முடியாது.

பட்டுப்புடவையை மலையிலேயே கட்டிக்கொண்டு இறங்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் தாண்டியதும் வேர்வை கொட்டும், அக்குளில் கறை பட்டால் போகாது. பருத்தித் துணியில் சுற்றி, ஜரிகை உள்பக்கம் மடிந்திருக்கும்படி வைத்து, அறைக்குப் போய்க் கட்டுங்கள்.

'சத்யா' என்கிற கேரளக் கல்யாண விருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாங்களாகச் சொல்கிறோம். இலை போடுவது நம்மூர் மாதிரிதான், வரிசைதான் வேறு. முதலில் பருப்பும் நெய்யும், பப்படத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சாம்பார். அதோடு வயிற்றை நிரப்பிவிட்டால் தீர்ந்தது. பாயசம் நடுவிலேயே வரும், ஒன்றல்ல, அடைப் பிரதமன், பாலடை என்று இரண்டு மூன்று. பாயசத்தோடு பந்தி முடிந்தது என்று இலையை மடக்கிவிடாதீர்கள். அதன் பிறகும் ரசத்துக்கும் மோருக்கும் சோறு உண்டு. சாம்பாருக்குக் கைப்பிடிச் சோறு போதும்.

ஹைதராபாத்தில் கல்யாணம். பத்திரிகையில் 'ஞாயிறு, காலை 1.47' என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?
– வாசகர், குன்னூர்

பிழை இல்லை. தெலுங்குக் கல்யாணங்களில் முகூர்த்தம் நடு ராத்திரியில் வருவது சகஜம். ஞாயிறு காலை 1.47 என்றால் சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்து ஞாயிறு மாலை போய் இறங்குகிற வெளியூர் நண்பர்கள் உண்டு. அப்போது பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சரியாக அந்த நிமிடத்தில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் சேர்த்து இடித்ததை வைப்பார்கள், நடுவே திரை இருக்கும். முகூர்த்தம் என்பது அதுதான், தாலி அதற்குப் பிறகு. பெரும்பாலான நண்பர்கள் அந்த நேரத்தில் நாற்காலியில் வாய் பிளந்து தூங்குவார்கள். பத்து மணிக்குப் படுத்து ஒன்றேகாலுக்கு அலாரம் வைத்து எழுந்து வாருங்கள்.

கோவையிலிருந்து விமானம்தான் வழி. சபரி எக்ஸ்பிரஸ் கோவை வழியாக செகந்திராபாத் போகிறது, ஆனால் இரண்டு நாள் விடுமுறையை ரயிலே தின்றுவிடும்.

மஞ்சேரியில் பள்ளித் தோழன் கல்யாணம். முஸ்லிம் கல்யாணத்துக்கு நாங்கள் போனதே இல்லை.
– வாசகர், கூடலூர்

உங்களுக்கு நாடுகாணி இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர், அப்புறம் மஞ்சேரி. காலையில் கிளம்பி மாலையில் வீடு. நிக்காஹ் சில நிமிடங்களில் முடியும்: மாப்பிள்ளையும் பெண்ணின் தந்தையும் கை கோத்து, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹரைச் சொல்லி, சம்மதம். விருந்துக்கு முகூர்த்த நெருக்கடி கிடையாது, பதினொன்றரை முதல் இரண்டரை வரை எப்போது போனாலும் பந்தி உண்டு. பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கும். ஜோடியாகப் போனால் உள்ளே நுழையும்போதே பிரிந்துவிட வேண்டும். எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கைமா அரிசி பிரியாணி, கடைசியில் சுலைமானி என்கிற பால் சேர்க்காத டீ. ஆனி, ஆடி மழையில் நாடுகாணி மலைப்பாதையில் மண் சரியும். அன்று காலை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெலிங்டனில் எங்களோடு வேலை பார்த்தவருக்கு லக்னோவில் ஜனவரி கடைசியில் கல்யாணம். நாலு பேர் போகிறோம். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும்.
– வாசகர், அருவங்காடு

வீட்டில் இருப்பது திங்கட்கிழமை மதியம் என்று இப்போதே ஆபீஸில் சொல்லிவிடுங்கள்.

ஏன் என்றால், வடக்கே கல்யாணம் ராத்திரிச் சமாச்சாரம். பத்திரிகையில் 'பாராத் 7 மணி' என்று இருக்கும். மாப்பிள்ளை குதிரையேறி, பேண்டும் விளக்குத் தூக்குபவர்களுமாக அந்த அரை கிலோமீட்டரை ஆடிக்கொண்டே கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். பெண் வீட்டு வாசலுக்கு ஒன்பது, ஒன்பதரை. மாலை மாற்றல் பத்துக்கு மேல். அக்னியைச் சுற்றும் ஃபேரே நடு ராத்திரிக்குப் பிறகு, பெண்ணை அனுப்பிவைக்கும்போது விடிந்திருக்கும். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்கே போய்விடுவார்கள். ஃபேரேவுக்கு உட்கார்ந்திருக்கும் நண்பர்களைத்தான் அந்தக் குடும்பம் நினைவு வைத்திருக்கும்.

ஞாயிறு காலை விமானம் போடாதீர்கள். ஜனவரியில் லக்னோவிலும் டெல்லியிலும் காலை மூடுபனியில் விமானங்கள் தாமதமாகும், முதல் விமானம் தாமதித்தால் டெல்லியிலோ பெங்களூருவிலோ மாறுவது தவறும். மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானம் எடுங்கள். இரண்டு டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் தவறவிட்டாலும் கம்பெனி அடுத்ததில் ஏற்றும், தனித்தனியாக வாங்கியிருந்தால் உங்கள் பாடு. கோவையில் இறங்கும்போது ராத்திரி பத்தாகிவிடும். இரண்டு நாள் தூங்காமல் அந்நேரத்தில் கல்லாறு ஏறுவதைவிட கோவையில் படுத்து விடியற்காலை பஸ் பிடிப்பது மேல்.

போகும்போது விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு வீட்டை விடுங்கள். உள்நாட்டு விமானத்துக்கு கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பர்லியாரில் ஒரு லாரி நின்றால் போதும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள், கைப்பையிலும் பெட்டியிலும் அனுமதி கிடையாது. சீர்த் தட்டில் வைக்கலாம் என்று எடுத்துப் போகாதீர்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள்.

குளிர் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் விருந்து திறந்த புல்வெளியில், பனி கொட்டக் கொட்ட நடக்கும். ஸ்வெட்டருக்கு மேல் கோட் போட்டால் அழகும் கெடாது. தோல் செருப்பு வேண்டாம், ஆடத் தோதான ஷூ. நுழைந்ததும் சாட் கடைகள் வரிசையாக இருக்கும், அங்கேயே வயிற்றை நிரப்பிவிட்டு அப்புறம் உள்ளே அசல் விருந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. மார்கழியில் நமக்குக் கல்யாணம் இல்லாதது போல அவர்களுக்கும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை 'கர்மாஸ்'. அது முடிந்த முதல் வாரங்களில் எல்லா மண்டபமும் நிரம்பும், டிக்கெட் விலையும் ஏறும். உடனே வாங்குங்கள்.

வெளி மாநிலத்தில் மொய் எப்படி?
– வாசகி, எல்லநள்ளி

நம் ஊர் மொய் நோட்டும் மேசையும் எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். கவரில் போட்டு, உங்கள் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் எழுதி, மணமக்கள் கையிலோ பெற்றோர் கையிலோ கொடுங்கள். வடக்கே ஒரு ரூபாய் சேர்ந்தே ஆக வேண்டும், 501, 1,101 என்று. நாணயம் ஒட்டிய கவரே கடையில் கிடைக்கும். நண்பர்கள் சேர்ந்து கொடுத்தால் எல்லார் பெயரும் எழுதுங்கள், இல்லையென்றால் பெயர் எழுதியவர் ஒருவர்தான் கொடுத்ததாகக் கணக்கு.

பத்துப் பேர் பெங்களூரு கல்யாணத்துக்கு ரயிலில் போக எப்போது புக் செய்ய வேண்டும்?
– வாசகர், குன்னூர்

60 நாள் முன்பு. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது, அந்தப் பழைய கணக்கில் இருந்துவிடாதீர்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். பத்துப் பேரை ஐந்தும் ஐந்துமாகப் பிரித்து இரண்டு போனில் ஒரே நேரத்தில் போடுங்கள். தட்கலில் நாலு பேர்தான், முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஆதார் இணைக்காத கணக்கில் தட்கல் ஆன்லைனில் கிடைக்காது. கோவையிலேயே புறப்படும் வந்தே பாரத், உதய் இரண்டும் காலை ரயில்கள். இரண்டுக்கும் முந்தின ராத்திரியே மலை இறங்கிவிட வேண்டும்.

ஐப்பசியில் கல்யாணம், கோவையில் ரயில் பிடிக்க வேண்டும். மழையில் ரோடு அடைத்துவிட்டால்?
– வாசகர், கேத்தி

வடகிழக்குப் பருவமழையில் முதலில் அடிபடுவது குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை. பர்லியாருக்கும் கல்லாறுக்கும் நடுவே மண்ணும் மரமும் விழும். மலை ரயிலும் அப்போது நிற்கும். கோத்தகிரி வழி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் எல்லா வண்டியும் அங்கே திரும்புவதால் இரண்டு மணி நேரம் கூடும். மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடை இறங்குவது 43 கொண்டை ஊசி வளைவுகள், யானைக் காடு. பழகாதவர்கள் அதை மாற்று வழி என்று எண்ண வேண்டாம். அந்த மாதங்களில் ஒரு நாள் முன்பே இறங்கி மேட்டுப்பாளையத்தில் படுங்கள். அறை வாடகை, தவறிய பத்து டிக்கெட்டைவிட மலிவு.

வளைவுகளில் எங்கள் கூட்டத்தில் மூன்று பேருக்கு வாந்தி.
– வாசகி, கோத்தகிரி

மாத்திரையை ஏறி உட்கார்ந்த பிறகு போட்டால் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பு. தூக்கம் வரும், டிரைவருக்குக் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது, இரண்டு இட்லி. முன் சீட், பார்வை ரோட்டில், கையில் போன் வேண்டாம்.

மலையிலிருந்து என்ன பரிசு கொண்டுபோகலாம்? சாக்லேட்?
– வாசகர், உதகை

சாக்லேட் வேண்டாம். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கம் உருகும்; மேட்டுப்பாளையத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திச் சாப்பிட்டு வருவதற்குள் பெட்டிக்குள் ஒரே கட்டியாகிவிடும். வர்க்கி கொண்டுபோகலாம், ஆனால் தகர டப்பாவில், காகிதம் அடைத்து. கவரில் போனால் தூள்தான் போகும். நல்ல ஆர்த்தடாக்ஸ் தேயிலை கால் கிலோ பாக்கெட்டுகள் எதற்கும் அஞ்சாது. நெருங்கிய நண்பர் என்றால் எல்லாரும் சேர்ந்து ஒரு தோடர் பூவேலைச் சால்வை வாங்குங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். நூலை எண்ணி எண்ணிக் கையால் போட்டதில் இரண்டு பக்கமும் வடிவம் தெரியும். மெஷினில் அடித்தது என்றால் பின்பக்கம் நூல் தாறுமாறாக ஓடியிருக்கும்.